அண்ணியின் மனுவை நான் அழித்த கதை

கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை நீக்குவது வேறு, அழிப்பது வேறு என்று தெரியாமலேயே மூன்று வருடம் பி.சி.ஏ. படித்துப் பட்டமும் வாங்கியவள் நான். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. கோபம்தான் இருக்கிறது. அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே.

கல்யாணமாகி காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் என் கணவருடைய அக்கா விஜயா அண்ணியுடையது. அண்ணிக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு அழைப்பிதழ் அச்சகத்தில் டைப் செய்யும் வேலை. அந்த வேலைக்காகப் போட்டிருந்த பழைய தமிழ் டைப்பிங் மென்பொருள் ஒன்று அந்தக் கம்ப்யூட்டரில் அட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வேலைக்கு விண்ணப்பிக்க உட்காரும்போதெல்லாம் "உங்கள் உரிமம் முடிந்துவிட்டது" என்று திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கும். மூடினால் திரும்ப வரும். பாஸ்வேர்டு அடித்தால் அது தமிழில் விழும். என் பெயரை ஆங்கிலத்தில் அடித்த ஒரு விண்ணப்பம் 'ளரஅ' என்று ஏதோ கம்பெனிக்குப் போயே போய்விட்டது. (அவர்கள் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடப் போகிறார்கள்?)

அண்ணியிடம் சொன்னேன்.

"புச்சு வாங்கி வெச்சிகீறேன். ஞாயித்துக்கெயம நானே பயச ஒயுங்கா எடுத்துட்டு புச்சு போடறேன். அதுவரிக்கும் நீ கை வெக்காத சுமதி" என்றார்.

கை வைக்காதே. பி.சி.ஏ. படித்த என்னிடம்.

மறுநாள் மதியம், அந்தப் பெட்டி நான்காவது முறை வந்தபோது எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்த மென்பொருள் இருந்த ஃபோல்டரைத் தேடிப் பிடித்தேன். ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாதபடி ஷிஃப்டையும் டிலீட்டையும் சேர்த்து அழுத்தினேன். ஒரு கோப்பு மட்டும் 'பயன்பாட்டில் உள்ளது' என்று முரண்டு பிடித்தது. அதை நிறுத்தி அதையும் அழித்தேன். ஆத்திரம் தீராமல் அதன் எழுத்துருக்களையும் ஒன்று விடாமல் தூக்கினேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. அதை இன்னும் பெரிதாக்கப் போகிறார்கள் என்பதால் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். தெருப் பெண்கள் சார்பில் அண்ணி மனு எழுதியிருந்தார். ஏற்கெனவே காற்று எப்படி நாறுகிறது, எந்தெந்த வீட்டுக் குழந்தைக்கு மூச்சிரைப்பு, கொடியில் போட்ட வெள்ளைத் துணி எப்படி மஞ்சளாகிறது என்று மூன்று பக்கம். ஒரு மாதம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே கூட்டம் வந்துவிட்டது. அன்று காலை அச்சகத்திலிருந்து அண்ணியின் போன்.

"மனு கம்ப்யூட்டர்ல கீது. நாப்பது காப்பி எடுத்துகினு பதினோரு மணிக்கு மண்டபத்துக்கு வந்துரு. நான் நேரா அங்க வந்துர்றேன்."

திறந்தேன். மூன்று பக்கமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. எழுத்துருவை அழித்தது நான்தான் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. சரி, அண்ணி வாங்கி வைத்த புதிய மென்பொருளைப் போடலாம் என்றால், "பழைய பதிப்பு உள்ளது, முதலில் அதை நீக்கவும்" என்றது. கன்ட்ரோல் பேனலில் போய்ப் பார்த்தால், நான் அழித்ததாக நினைத்த சனியன் பட்டியலில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. நீக்கு என்று அழுத்தினால், மென்பொருளை நீக்கித் தரும் கோப்பைக் காணவில்லையாம். எப்படி இருக்கும்? அதுவும் அதே ஃபோல்டரில்தான் இருந்திருக்கிறது. வீட்டைக் காலி செய்து தர வந்த ஆளை வாசலிலேயே தீர்த்துக்கட்டியிருக்கிறேன்.

அண்ணிக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். அச்சகத்திலேயே ஏதாவது வழி செய்திருப்பார். போடவில்லை. பி.சி.ஏ. தடுத்தது.

பென் டிரைவோடு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். "தமிழ் எழுத்துரு இருக்காக்கா?" என்றேன். "அல்லாம் கீதும்மா" என்றார் கடைக்கார அக்கா. நாற்பது காப்பியும் முகம் குப்புற வந்து விழுந்தன. அப்படியே கவரில் போட்டுக் கொடுத்தார். ஒரு தாளைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் ஷேர் ஆட்டோ ஏறினேன்.

மண்டபத்துக்குள் நான் நுழையும்போதே அண்ணியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கவரைப் பிடுங்கி, ஒரு காப்பியை உருவி மேடையில் கொடுத்துவிட்டு மைக் முன்னால் போய் நின்றார் அண்ணி. மிச்சத்தை நான் பெண்களிடம் விநியோகித்தேன். அப்போதுதான் பார்த்தேன்: கடையில் இருந்தது வேறு தமிழ் எழுத்துரு, தாளெல்லாம் அதே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் வரியைப் படித்தார். 'அய்யா' என்று அண்ணி டைப் செய்திருந்தது எம், ஏ, அரைப்புள்ளி, ஏ, எச் என்று வந்திருந்தது.

"மா... ஆ" என்றார் அதிகாரி. "என்னம்மா இது?"

முன்வரிசையில் தொழிற்சாலை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர், "மாட்டைப் பத்தின மனு போல சார்" என்றார். மண்டபமே சிரித்தது. எங்கள் தெருப் பெண்கள் நாற்பது பேர் மட்டும் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அண்ணி என்னைப் பார்த்தார்.

"இன்னாடி பண்ண?" மெதுவாகத்தான் கேட்டார். மைக்கில் அதுவும் கேட்டது.

பிறகு மைக் பக்கம் திரும்பினார். "பேப்பரு போனா போவுது சார், எனக்கு வாய் கீது. இங்க கீற ஒவ்வொரு கொயந்த பேரும் எனக்கு மனப்பாடம்" என்று ஆரம்பித்தார். ஐந்தாவது குழந்தையின் பெயரைச் சொல்லும்போது நேரம் முடிந்தது என்று மைக்கை நிறுத்திவிட்டார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். அண்ணி மண்டபத் தரையிலேயே உட்கார்ந்து, அந்த நாசமாய்ப் போன தாள்களின் பின்பக்கத்தில் மூன்று பக்கத்தையும் கையால் எழுதினார். நான் பக்கத்தில் நின்று விசிறினேன். (வேறென்ன செய்ய? எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம் அவ்வளவுதான்.) எழுதி முடித்துக் கொண்டுபோனால், மனு வாங்கும் நேரம் முடிந்துவிட்டது என்று மேசையை மடித்துக்கொண்டிருந்தார் குமாஸ்தா. அண்ணி கெஞ்சவில்லை, கத்தினார். அவர் காதில் விழாத மாதிரி மடித்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் அண்ணி அச்சகத்திலிருந்து அதே பழைய மென்பொருளைக் கொண்டுவந்தார். பழைய இடத்திலேயே அதைத் திரும்பப் போட்டார். எழுத்துகள் உயிர் பெற்றன. கோப்புகளைப் புதிய எழுத்துக்கு மாற்றினார். பிறகு கன்ட்ரோல் பேனலில் போய்ப் பழையதை முறையாக நீக்கி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, புதியதை ஏற்றினார். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். அதற்குப் பிறகு அந்த மனுவை எனக்கு முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்துக் காட்டினார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கொஞ்ச நாளில் கூட்டத்தின் அறிக்கை வந்தது. 'எழுத்துப்பூர்வமான ஆட்சேபணை எதுவும் பெறப்படவில்லை.' மனு ஒழுங்காகப் போயிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று என் கணவர் சமாதானம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியை எழுத அவர்களுக்கு வசதி செய்து கொடுத்தது நான்.

தொழிற்சாலை பெரிதாகி வருடங்கள் ஆகின்றன. காற்று எங்கள் பக்கம் திரும்பும் சாயங்காலங்களில் அழுகிய முட்டை நாற்றம் வீட்டுக்குள் வரும். நான் அவசரமாக ஜன்னலைச் சாத்தப் போவேன். கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அண்ணி தலையைக்கூடத் தூக்காமல் சொல்வார்:

"சுமதி, உன் மனுவுக்குப் பதில் வந்துகீது. கையெழுத்து போட்டு வாங்கிக்க."