இரண்டு மணி பத்தாவது நிமிடத்துக்குத் தாவாத கல்யாணம்

சூலியா தெரு, ஜார்ஜ் டவுன்
சனிக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்

அன்புள்ள மாப்பிள்ளை முஸ்தஃபாவுக்கு, மாமா ஜபருல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். செபராங் ஜெயாவில் நீங்களும் என் மகள் நோர்மாவும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். இங்கே நானும் உங்கள் மாமி சலேஹாவும் நலம். வீட்டுப் படங்களையெல்லாம் டிவியில் பார்க்க நீங்கள் மாட்டிக் கொடுத்த கறுப்புப் பெட்டிதான் நலமில்லை.

“வாய்ஸ் மெசேஜ் வேண்டாம் மாமா, என்ன நடந்துச்சுன்னு வரிசையா எழுதி அனுப்புங்க” என்றீர்கள். போன தடவை நான் அனுப்பியது பதினொரு நிமிடம், அதில் ஏழு நிமிடம் மாமியின் மிக்ஸி என்பதை ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருடம் ஆபீசில் அறிக்கை எழுதியவனுக்கு இது ஒரு பெரிய காரியமா?

எங்கள் கல்யாண வீடியோ கேசட்டை ஒரு சொந்தக்காரர், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போய் இருபத்தெட்டு வருடம் பார்த்தார். போன மாதம்தான் திருப்பிக் கொடுத்தார். நீங்கள் அதை மூன்றரை மணி நேரப் படமாக மாற்றிப் பெட்டிக்குள் போட்டீர்கள். மாமிக்கும் அவள் அண்ணன் நூர் முகம்மதுக்கும் உள்ள விவகாரம் உங்களுக்குத் தெரியும். நிக்காஹ் நேரத்தில் அண்ணன் சபையில் இல்லை, ஒரு போட்டோவில்கூட இல்லை என்பது அவள் மனக்குறை. “நான் வந்தேன் புள்ள” என்பதற்கு மேல் மச்சான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெருநாளுக்குப் பெருநாள் வருவார். இவளும் டீயும் பிஸ்கட்டும் வைப்பாள், சோறு ஆக்க மாட்டாள். இரண்டு மணி பத்தாவது நிமிடத்தில் அவர் மாதிரி ஒருவர் கார் பக்கத்தில் நிற்கிறார் என்று நீங்கள் சொன்னதும் மாமி தீர்ப்பு எழுதிவிட்டாள். நாளை மச்சான் வருகிறார். அவரை அந்தப் படத்தில் காட்டினால் நெய்ச்சோறு, காட்டாவிட்டால் அதே பிஸ்கட்.

இனி நடந்தது. அந்த நிமிடத்துக்குத் தள்ளினேன். வட்டம் சுற்றியது. டீ குடித்துவிட்டு வந்தேன், சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு படம் முதலிலிருந்து, வாசலில் பன்னீர் தெளிப்பதிலிருந்து தொடங்கியது. மறுபடி தள்ளினேன், மறுபடி பன்னீர். ஒரே ஆளுக்கு ஏழு தடவை தெளித்தாயிற்று. தரத்தை ‘ஒரிஜினல்’ என்று மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன். படம் எங்கோ நடுவில் போய் விழுந்தது, காஜியார் என்னிடம் சம்மதம் கேட்டார், அதோடு நின்றுவிட்டது. அரை மணி நேரம் நான் வாயைத் திறந்தபடி டிவியில் உட்கார்ந்திருந்தேன். மாமி என்னைத் திரும்பிப் பார்த்து, “இன்னும் யோசிக்கிறீங்களா?” என்றாள். சூடாகிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். தூசி விழக்கூடாதென்று மாமி அதன்மேல் பூத்துவாலை போர்த்தி, சோற்றை மூடும் துடோங் சாஜியையும் கவிழ்த்து வைத்திருந்தாள். இரண்டையும் எடுத்தேன். குளிர்ந்தது, ஆனாலும் அசையவில்லை.

பிறகு நீங்கள் அங்கிருந்தே பார்த்துவிட்டு, “மாமா, இப்ப பதினோரு பேர் பாத்துக்கிட்டிருக்காங்க” என்றீர்களே, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். யாரோ திருடுகிறான் என்று கோபமாகப் பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணுவிடம் போனேன். அவர் வீட்டு டிவியில் நம் பெட்டியின் படம் பாதியில் நின்றுகொண்டிருந்தது.

“தைப்பூச லீவுல நீங்கதானே அண்ணே பாஸ்வேர்டு கொடுத்தீங்க,” என்றார். உண்மைதான், மறந்துவிட்டேன். ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டேன். “பாங்கு சொன்னா நிறுத்திடுவேன்லா. எத்தன வருஷப் பழக்கம்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, மாப்பிள்ளை. பாங்கு சத்தம் கேட்டால் நம் ஆட்கள் கை தானாக நிறுத்து பட்டனுக்குப் போகிறது. தொழுதுவிட்டு வந்து, நிறுத்தியதை மறந்து வேறு படம் போடுகிறோம், அல்லது கடைக்குப் போய்விடுகிறோம். நான் பாஸ்வேர்டு கொடுத்த பத்து வீடுகளிலும் இதே கதையாகத்தான் இருக்கும், எங்கள் டிவியோடு பதினொன்று. படம் பார்ப்பவர் யாரும் இல்லை. ஆனால் பெட்டி பாவம், பதினொரு பேருக்கும் படத்தைத் தயார் செய்து கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறது. அதற்கு ஓட ஏது தெம்பு?

ஆகவே இன்று முதல் இந்த வீட்டில் யாரும் படத்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது, முழுவதும் மூடிவிட்டே எழுந்திருக்க வேண்டும் என்று எழுதி டிவிக்குக் கீழே ஒட்டிவிட்டேன். மற்ற வீடுகளுக்குப் போன் போட்டால் ஒருவரும் எடுக்கவில்லை. நீங்கள் நாளை பத்து மணிக்குள் இணையத்துக்கான தடித்த கேபிளோடு வந்து, பெட்டியைச் சரிசெய்து, அந்த நிமிடத்துக்குப் படத்தைத் தாவ வைத்தே ஆகவேண்டும். அண்ணனும் தங்கையும் ஒரு தட்டில் சாப்பிட்டு நான் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் அறுந்து போகாத இணையமும் தருவானாக. நோர்மாவுக்கு என் சலாம்.

துஆவுடன்,
மாமா ஜபருல்லா

பி.கு.: ஞாயிறு மாலை. நேற்றே இதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருப்பேன், மூக்குக் கண்ணாடி அகப்படவில்லை. மச்சான் வந்தார். படம் தாவவில்லை. வேறு வழியின்றிப் பன்னீரிலிருந்தே எல்லோரும் பார்த்தோம். நிக்காஹ் முடிந்ததும் கேமராக்காரர் பொழுதுபோகாமல் பின்கட்டுப் பக்கம் போயிருக்கிறார். அங்கே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்த்து வழிய, பிரியாணி தேக்சாவைக் கிளறிக்கொண்டு நிற்கிறார் மச்சான். அன்று சமைக்க வேண்டிய பண்டாரி வரவேயில்லையாம். அறுநூறு பேருக்கும் இவரே ஆக்கியிருக்கிறார். நேராக இரண்டு மணி பத்துக்குத் தாவியிருந்தால், வழியனுப்ப மட்டும் வந்தவர் என்று மாமி முடிவு கட்டியிருப்பாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். “பண்டாரி வராதது பொண்ணு காதுக்குப் போகக்கூடாதுன்னு அத்தா சொன்னாங்க. எப்ப சொல்லலாம்னு சொல்லாமலே மௌத்தாயிட்டாங்க,” என்றார், மறைந்த என் மாமனாரைச் சொல்லி.

அந்த நேரம் அஸர் பாங்கு. மாமி அழுதுகொண்டே நிறுத்து பட்டனை அழுத்தினாள். தொழுதுவிட்டு வந்தும் மச்சான் கரண்டியோடு டிவியில் நிற்கிறார். யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. நான் ஒட்டிய காகிதத்தையும் கிழித்துவிட்டாள். கேபிள் வேண்டாம், பெட்டியைச் சரிசெய்யவும் வேண்டாம். நோர்மாவைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வாருங்கள். நெய்ச்சோற்றில் உப்புக் குறைவு என்று மச்சான் எழுந்து அடுப்படிக்குப் போனார், மாமி மறுபேச்சில்லாமல் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.