வேரில் விளைந்த வில்லங்கம்

தண்ணீரை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது தட்டைப்பயறுச் செடிகளின் வேர்கள் பளபளவென்று இருந்தன. அதுதான் வினை. ஒரு வேரிலும் முடிச்சு இல்லை.

கல்லூரித் தோட்டக்காரர் குனிந்து சாக்கடையைப் பார்த்தார். மிளகு மிளகாக முடிச்சுகள் அத்தனையும் சேற்றோடு உருண்டு கம்பி வலைக்குள் போய்க்கொண்டிருந்தன. கையை விட்டார். கை போகவில்லை. போன விரல் திரும்பி வர அடம்பிடித்தது.

தாவரவியல் துறைத் தலைவி மேடம் முந்தின நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "தொட்டியோட தண்ணியில ஊற வைப்பா. மண்ணு தானாக் கரையும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி அலசணும்."

தோட்டக்காரருக்குக் காலையிலிருந்தே இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு செடிக்கும் குனிய உடம்பு ஒத்துழைக்கவில்லை. கல்லூரி பஸ்ஸைக் கழுவும் குழாயை இழுத்து வந்து, செடிகளை வரிசையாகப் படுக்கவைத்து, ஒரே அடியாக அடித்துவிட்டார். பஸ்ஸில் ஒட்டிய தாரே அந்தக் குழாய்க்கு முன்னால் நிற்காது.

மதியம் செய்முறைத் தேர்வு. மாணவர்கள் தட்டைப்பயறு வேரிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து, பிளேடால் மெல்லிசாக வெட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, படம் வரைய வேண்டும். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார். தேர்வு நல்லபடியாக முடிந்தால் அன்றைக்கே தோட்டக்காரரின் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடுவதாக மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். தற்காலிகமாக வந்து சேர்ந்தவருக்குத் தற்காலிகமாகவே தலை நரைத்துவிட்டது. இந்தச் செய்தியை அவர் மனைவி தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

சேற்றில் கிடைத்த கொஞ்சம் முடிச்சுகளைப் பொறுக்கிப் பசை தடவி வேரில் ஒட்டினார். முடிச்சு வேரில் ஒட்டவில்லை. வேர் விரலில் ஒட்டியது. பிய்த்தால் வேர் போய்விடும் என்று, மற்ற செடிகளையும் அள்ளிக்கொண்டு அந்தச் செடியோடே வீட்டுக்கு நடந்தார். வீடு கல்லூரிச் சுவரை ஒட்டித்தான்.

"ஏங்க, கையில என்ன செடி தொங்குது?"

"தொடாதே. அதுல என் வேலை தொங்குது."

விஷயத்தைச் சொன்னார். மனைவிக்கு விளங்கவில்லை. "செடி உசுரோடதானே இருக்கு? முடிச்சு போனா என்ன குடி முழுகிப் போச்சு?"

"அதுக்குள்ளதான் குடியே இருக்கு. கண்ணுக்குத் தெரியாத கிருமி. காத்துல இருக்கற சத்தைப் பிடிச்சு உரமாக்கிச் செடிக்குத் தரும். செடி அதுக்குச் சாப்பாடு போடும். மேடம் சொல்லியிருக்காங்க."

"வாடகைக்குப் பதிலா உரம். இந்தக் காலத்துல அப்படி ஒரு குடித்தனக்காரன் கிடைப்பானா? வீட்டைக் கழுவுறேன்னு அவனையும் சேத்துக் கழுவி விட்டுட்டு வந்து நிக்கிறீங்களே!"

"திட்டுறதைச் சாயங்காலம் திட்டு. இப்ப வழி சொல்லு."

"என் தம்பி பீன்ஸ் போட்டிருக்கானே. அதுவும் பயறு ஜாதிதானே? ரெண்டு செடி பிடுங்கிக்குங்க."

மைத்துனன் தோட்டத்தில் முதல் செடியைப் பிடுங்கினார். வேர் மொழுமொழுவென்று வந்தது. அடுத்ததில் இருக்கும் என்று அடுத்தது. அதற்கடுத்ததில் கட்டாயம் இருக்கும் என்று அதற்கடுத்தது. மைத்துனன் ஓடி வருவதற்குள் ஒரு பாத்தியே காலியாகிவிட்டது.

"மாமா! காய் பிடிக்கிற செடி மாமா அது!"

"முடிச்சு எங்கேடா?"

"என்ன முடிச்சு? நான்தான் மூட்டை மூட்டையா யூரியா கொட்டுறேனே. வேளாவேளைக்குச் சோறு வர்ற வீட்டுல எவன் அடுப்பு மூட்டுவான்?"

இப்போது முடிச்சும் இல்லை, பீன்ஸும் இல்லை. நியாயம் கேட்க மைத்துனனும் பின்னாலேயே வந்து அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டான். அக்கா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். தோட்டக்காரர் மாவையே வெறித்துப் பார்த்தார். பசியில் பார்க்கிறார் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள்.

"அதுல கொஞ்சம் கிள்ளி உருட்டு."

மனைவி உருட்டினார். வெளியே பார்க்க அச்சு அசலாக முடிச்சு.

"உள்ள என்ன நிறம்?" என்று கேட்டார் மனைவி.

"வேலை செய்யற முடிச்சு உள்ள இளஞ்சிவப்பா, ரத்தம் மாதிரி இருக்கும். வெளுத்திருந்தா சும்மா உக்காந்திருக்குன்னு அர்த்தம். பச்சையா இருந்தா வயசாகிப் போச்சு."

"நம்ம முடிச்சு வேலை செய்யட்டும். டேய், அந்தக் கூடையில பீட்ரூட் இருக்கு, துருவு."

நியாயம் கேட்க வந்தவன் துருவ ஆரம்பித்தான். உள்ளே சிவப்பு மாவு, அதன்மேல் வெள்ளை மாவால் ஒரு மெல்லிய போர்வை, அதன்மேல் செம்மண் பூச்சு. பசைக்கும் மாவுக்கும் நல்ல பொருத்தம். வேரில் ஈரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

"அக்கா, இது ஒண்ணு பெருசாப் போச்சு."

"இருக்கட்டும்டா. மேஸ்திரிக் கிருமின்னு நினைச்சுக்குவாங்க."

தோட்டக்காரர் செடிகளைத் தட்டில் வைத்துத் துணி மூடிக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அப்படியே ஓரமாக வைத்துவிட்டு நழுவலாம் என்பது திட்டம். மேடம் துணியை விலக்கிப் பார்த்து அசந்து போனார்.

"என்னப்பா இது! இவ்வளவு செழிப்பா நான் பார்த்ததே இல்லையே!"

ஒன்றைப் பிளேடால் இரண்டாக வெட்டினார். இளஞ்சிவப்பு. "எப்படி வேலை செய்யுது பார்! நீ எங்கேயும் போகாதே. தேர்வாளர் வந்ததும் உன்னை அறிமுகப்படுத்தணும்."

தேர்வாளர் கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிதர். அவர் பையைத் தூக்கிக்கொண்டு அவருடைய கல்லூரி ஆய்வக உதவியாளரும் வந்திருந்தார். பையைக் கீழே வைக்காமல் கதவோரம் நின்றுகொண்டார்.

தேர்வு தொடங்கியது. மாணவர்கள் வெட்டினார்கள், குனிந்து பார்த்தார்கள், வரைந்தார்கள். சுற்றிலும் புறணி என்கிற வெளியடுக்கை வரைந்தார்கள். அதற்குள் வட்டமாக நீர் போகும் குழாய்க் கற்றைகளை வரைந்தார்கள். நடுவில் பெரிய பெரிய செல்கள், செல்லுக்குள் நிறையக் கிருமிகள். அம்புக்குறி போட்டுப் பெயரும் எழுதினார்கள். மனைவி பிசைந்த மாவுக்குள் இவ்வளவு இருக்கும் என்று தோட்டக்காரர் நினைத்ததே இல்லை.

ஒரு பெண் மட்டும் கை தூக்கினாள். "சார், எனக்கு ஒண்ணுமே தெரியலை. மாவு மாதிரி இருக்கு."

தோட்டக்காரர் கதவுப் பக்கம் ஓரடி நகர்ந்தார்.

"வெட்டத் தெரியலைன்னு சொல்லும்மா. நல்லாப் பாரு," என்றார் தேர்வாளர்.

அந்தப் பெண் பக்கத்துத் தாளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். இந்தத் தடவை எல்லாம் தெரிந்தது.

தேர்வு முடிந்ததும் தேர்வாளர் ஒரு செடியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாகச் சிரித்தார்.

"மேடம், எங்க காலேஜ் செடிக்கு ஈடா இதுவரைக்கும் நான் வேற எங்கேயும் பார்த்ததில்லை. இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே நின்றபடி கையெழுத்தைப் போட்டுவிட்டார். தோட்டக்காரர் நிரந்தரமானார். மூச்சை விடலாம் என்று வாயைத் திறந்தார்.

"ஒரு உதவி," என்றார் தேர்வாளர். "நாளைக்கு எங்க தேர்வு. ரெண்டு செடி கொடுங்க. எங்களுதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மைக்ராஸ்கோப்புல நானே பார்க்கணும்."

"ரெண்டு என்ன சார், எல்லாத்தையும் எடுத்துக்குங்க!" என்றார் மேடம்.

தோட்டக்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். நாளைக்கு அந்தக் கண்ணாடி மைக்ராஸ்கோப்பில் குனியும். நாளை மறுநாள் மேடத்துக்குச் சேதி வரும். போட்ட கையெழுத்தை அழிக்க எவ்வளவு நேரமாகும்? தட்டைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தபோது இடுப்பு வலிகூட மறந்துபோயிருந்தது.

தேர்வாளர் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். உதவியாளர் காரின் பின்பக்கத்தைத் திறந்து தட்டை வாங்கினார். வெயிலில் காய்ந்த முடிச்சுகளில் பொடிப்பொடியாக விரிசல் விட்டிருந்தது. அவர் கண்ணெதிரிலேயே ஒன்று கழன்று விழுந்தது. உதவியாளர் அதை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். அது தட்டையாகிப் போனது. முகர்ந்தும் பார்த்தார்.

"அண்ணே," என்றார் தோட்டக்காரர், குரலே எழும்பாமல். "புள்ளகுட்டிக்காரன் அண்ணே நான்."

உதவியாளர் முன் இருக்கையை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு தோட்டக்காரரின் தோளில் கை போட்டு, காதருகே குனிந்தார்.

"அடுத்த தடவை மாவுல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பிசைங்க, வெடிக்காது. நான் வருஷா வருஷம் அப்படித்தான் பிசையறேன்."