காந்த வீரனைத் தாங்கிய சட்டிகள்

பறக்கத் தெரிந்த வீரர்களையெல்லாம் நிற்கவைத்து விளக்கம் கேட்ட மனிதர், உலகத்திலேயே எங்கள் சிக்னல் அண்ணன் ஒருவர்தான்.

எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீடு அவருடையது. சிக்னல் கேபினில் வேலை. அசல் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. அவர் மனைவியே "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் 'காந்த வீரன்' காமிக்ஸ் மாதம் ஒன்று வரும். முதலில் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், படித்துச் சிரிப்பார். அடுத்து அண்ணன், சிவப்புப் பேனாவோடு. மூன்றாவதாக என் கைக்கு வரும்போது அது பரீட்சையில் தோற்ற விடைத்தாள் மாதிரி இருக்கும்.

"பாரு தம்பி, ஓடுற ரயில கையால நிறுத்துறான். உள்ள இருக்கிறவன்லாம் என்ன ஆவான்? நசுங்கிருவான் லா! சிக்னல் கேபினுக்கு ஒரு போன் பண்ணானா?"

"இல்லண்ணே."

"அப்ப இவன் வீரனா, விபத்தா?"

நான் எதிர்த்துப் பேசமாட்டேன். அதனாலேயே என்னை அவருக்குப் பிடிக்கும்.

கண்ணாடி மாட்டிக்கொண்டால் காந்த வீரனை அவன் தங்கைக்கே அடையாளம் தெரியாது. அண்ணனால் இதைத் தாங்க முடியவில்லை. தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, மோட்டார் சைக்கிளில் வந்த ரொட்டிக்காரரை மறித்தார்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"சிக்னல் அண்ணன்தானே? ரெண்டு பன் வேணுமா?"

அதையும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சாட்சியாக எழுதி வைத்தார்.

அந்த வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. இனி சில வாரம்தான் என்று டாக்டர் அண்ணனிடம் மட்டும் சொன்னார். அந்த மாதப் புத்தகத்தில், சங்கிலியால் கட்டப்பட்ட காந்த வீரன் கொதிக்கும் இரும்புக் குழம்பை நோக்கி விழுந்துகொண்டிருந்தான். கீழே 'தொடரும்'.

"எப்படிங்க தப்பிப்பான்?" ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா தினமும் கேட்டார்.

அடுத்த புத்தகம் வரவில்லை. அண்ணன் கடைக்கு நடையாய் நடந்தார். கப்பல் வந்துவிட்டதா என்று கிள்ளான் துறைமுகம்வரை போய் விசாரித்தார். கடைசியில் தானே முடிவு சொல்ல உட்கார்ந்தார். அன்று நானும் கூட இருந்தேன்.

"கொதிக்கிற இரும்புல விழுந்தா... செத்துருவான்."

"போங்க, அவன் சாகமாட்டான்."

"சரி. விழும்போது கரண்டு போயிருச்சு."

"கரண்டு போனா விழாம நின்னுருவானா?"

அண்ணன் என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார். "தம்பி, கோமாளித்தனமா ஏதாச்சும் சொல்லுடா. எனக்கு வரமாட்டேங்குது."

எனக்கு வாயைத் திறந்தாலே வேர்க்கும். "அவன் காந்தம்தானே அண்ணே... பாசார் கடைங்கள்ல உள்ள இரும்புச் சட்டியெல்லாம் பறந்து வந்து அவனத் தாங்கிருச்சுன்னு..."

"எத்தன சட்டி? அவன் கனம் என்ன?" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டு உள்ளே போனார்.

சொன்னார். சட்டிகள் பறந்தன. நான் சொல்லாததையும் சேர்த்தார். சட்டிகளுக்குப் பின்னால் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிளும் பறந்து வந்தது, ரொட்டிக்காரரோடு. குழம்புக்கு மேலே நின்று காந்த வீரனிடம், "ரெண்டு பன் வேணுமா?" என்று கேட்டார்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலியில் கண்ணீர் வந்தது. "எல்லாம் பொய்," என்றார். "ஆனா நல்லா இருக்குங்க."

நான்காம் நாள் அக்கா போய்விட்டார்.

புத்தகம் அதற்கும் மூன்று வாரம் கழித்து வந்தது. அண்ணன் அதை என்னிடம் நீட்டிவிட்டுப் போனார். குழம்பில் விழுந்தது காந்த வீரன் இல்லையாம், அவனைப் போலவே செய்த பொம்மையாம். எந்தப் பக்கத்திலும் சிவப்பு மை இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு திருத்தம்:

"தப்பு. சட்டிதான் காப்பாற்றியது."

யார் கேட்டாலும் நானும் அப்படித்தான் சொல்வேன், அண்ணே.