லயம் முழுக்க ஒரு ரேடியோ

அடுத்த காம்பிராவில் கொட்டாவி விட்டாலும் கேட்கிற லயத்தில் ஒலிபெருக்கி வைக்க நினைத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எழுபதுகளில், இலங்கையில் அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில், எங்கள் காம்பிராவிலிருந்து கடைசிக் காம்பிராவில் இருந்த சித்தப்பா வீடு வரை கம்பி இழுத்தேன். (ரேடியோ கடையில் கொஞ்ச நாள் எடுபிடி வேலை பார்த்த திமிர்!)

எங்கள் காம்பிராவில் இருந்த சுவிச்சை ஒரு பக்கம் தட்டினால் எங்கும் பாட்டு. மறுபக்கம் தட்டினால் அப்பா அங்கிருந்து பேசுவது சித்தப்பா வீட்டுப் பெட்டியில் கேட்கும். அவர் தேயிலை கவ்வாத்து வெட்டப் போய் விழுந்து, இடுப்பொடிந்து படுத்திருந்தார். "தண்ணி கேக்க இனிமே தொண்டை கிழியக் கத்த வேணாம்" என்று அவருக்குச் சந்தோஷம்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க ஹாலிஎலயிலிருந்து வந்தார்கள். அவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருந்தது. எங்களுக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, கப்பல் ஏற வேண்டியதுதான் பாக்கி. கல்யாணம் நடந்தால் அக்கா இங்கேயே இருக்கலாம். அவள் ஆசையும் அதுதான். ஆனால் நாளைக்குப் பெண்ணையும் கப்பலேற்றிவிடுவார்களோ என்று, பாஸ்போர்ட் வந்த வீட்டில் பெண் எடுக்க எல்லோருக்கும் பயம். அதனால் அம்மா விஷயத்தை அமுக்கிவிட்டாள். எங்கள் பேச்சு காதில் விழக் கூடாதென்றுதான் வந்தவர்களைச் சித்தப்பா வீட்டில் உட்கார வைத்தாள்.

பெண்ணைப் பெற்றவர் "வாங்க" என்று சொல்லாவிட்டால் மரியாதையா? அப்பாவால் எழுந்து வர முடியாது. இருக்கவே இருக்கிறான் விஞ்ஞானி! சுவிச்சைத் தட்டினேன். "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க" என்றார் அப்பா. நான் பாராட்டு வாங்கச் சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். "ஆளு கெட்டிக்காரன்தான்" என்று மாப்பிள்ளையின் அம்மா முதுகில் தட்டினார். சுவிச்சு அப்படியே இருந்தது.

அக்கா தேத்தண்ணியோடு வந்து நின்றாள். பெட்டியிலிருந்து அப்பா பேசினார்.

"பாஸ்போட்டு வந்துருச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிரு புள்ள. மறைச்சுக் கட்டிக்குடுத்தா நாளைக்கு அவதான் அல்லாடணும்."

"சும்மா கெடங்க! தாலி ஏறட்டும், பொறகு சொல்லிக்கலாம்." அது அம்மா.

நான் சுவிச்சை அணைக்க ஓடினேன். அங்கேயே கம்பியைப் பிடுங்கியிருக்கலாம். அது மறுநாள்தான் மண்டையில் உறைத்தது.

திரும்பி வந்தபோது அவர்கள் எழுந்துவிட்டார்கள். "புள்ளைய குத்தம் சொல்லல. ஆனா உங்களை நம்பி எப்புடி எடுக்கிறது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. தேத்தண்ணியை யாரும் தொடவில்லை. அக்கா ஆறிப்போன கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். என்னை நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

அவளும் எங்களோடு கப்பல் ஏறினாள். அப்பா, இந்தியாவில் வந்திறங்கிய மண்டபம் முகாமிலேயே கண்ணை மூடினார்.

இப்போது கோத்தகிரியில் அக்கா மகன் வீடு கட்டுகிறான். "அறைக்கு அறை ஸ்பீக்கர் வைக்கணும் மாமா, ஒரு யோசனை சொல்லுங்க" என்று என்னிடம் வந்து கேட்டான். எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் என்று யாராவது வாயெடுத்தால் போதும். அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"வையுடா, வேணாம்னா சொன்னேன்? உங்க மாமன மட்டும் சுவிச்சுகிட்ட விடாத. போன தடவ அவன் கைய வச்சான், நான் நாட்டையே விட்டு வந்தேன்."