ஒரே வேளை

முயலின் ரத்தத்தில் இன்றைக்கும் மருந்து இல்லை. மெஷினின் பேனா வரைதாளில் நேர்கோடு போட்டுக்கொண்டே போனது.

"கொடுத்த மருந்து எங்கதான் போகுது?" என்றான் ரத்தினவேல்.

"வழக்கம்போலப் புழுக்கையிலதான்," என்றாள் இருளாயி. முயல்களைப் பார்த்துக்கொள்பவள். பரமக்குடிப் பக்கம், ஓசூருக்கு வந்து மூன்று மாதம். "கூண்டுக்கு அடியில கம்பி வலைதான சார்? பூராம் கீழ கொட்டிருது."

யானைக்கால் புழுவுக்கான மருந்து அது. பெயர் வைக்கவில்லை, எண் நாற்பத்தொன்று. கண்ணாடித் தட்டில் புழுக்களை நொடியில் கொன்றது. வயிற்றுக்குள் போனால் சுண்ணாம்பு மாதிரி கரையாமல் வெளியே வந்தது. ரத்தத்தில் ஏறாத மருந்து புழுவை எட்டாது.

ஏறாவிட்டால் லேபை மூடிவிட்டு ரத்தினவேலைக் கிருஷ்ணகிரிக்கு மாற்றிவிடுவதாக முதலாளி கங்கப்பா சொல்லியிருந்தார். அங்கே அவருக்கு மாம்பழக் கூழ் ஃபேக்டரி இருந்தது. கூழில் சர்க்கரை அளக்கும் வேலை. ஐந்து மணிக்கு முடிந்துவிடும். அதுதான் பயம். மனைவி போய் ஒன்றரை வருடம். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய் என்ன செய்வது?

மூலக்கூறில் தண்ணீரோடு சேரும் துண்டு ஒன்றை ஒட்டினான். அழகாகக் கரைந்தது. ஆனால் குடல் சுவருக்குள் நுழைய மறுத்தது. அந்தச் சுவர் கொழுப்பு. சரியென்று கொழுப்போடு சேரும் துண்டை ஒட்டினான். அது முயலுக்குள் போவதற்கு முன் பீக்கரில் ஒட்டிக்கொண்டது. உப்பாக மாற்றினான். ஓசூர்த் தூறலின் ஈரத்தைக் குடித்து, திங்கட்கிழமை காலையில் பாட்டிலுக்குள் பாயசமாக இருந்தது.

"ஏலக்கா போட்டீகளா சார்?" என்றாள் இருளாயி.

செவ்வாய்க்கிழமை கங்கப்பா வந்தார். இருளாயி முயலை அணைத்தபடி வாசலில் நின்றாள்.

"கரையறது நுழையலை சார். நுழையறது கரையலை. இன்னும் ஒரே ஒரு துண்டு..."

"சாக்கு ரீ, சாக்கு!" என்று கத்தினார் கங்கப்பா. கன்னடத்தில் 'போதும்' என்று பொருள். "வெள்ளிக்கிழமை லாஸ்ட். இல்லேன்னா மாம்பழம். சாக்கு!"

இருளாயி முயலோடு அவசரமாக உள்ளே போனாள்.

ரத்தினவேலிடம் புதிய துண்டு எதுவும் மீதியில்லை. பழைய நாற்பத்தொன்றையே மாவாக அரைத்து, கடலை எண்ணெயில் குழைத்து, வியாழக்கிழமை இருளாயி லேபுக்குத் தூக்கிவந்த ஆறு முயல்களுக்கும் புகட்டினான். நம்பிக்கையால் அல்ல. வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பேனா ஏறியது. மெஷின் கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்த்தான். மறுபடி ஏறியது. ஆறு முயல்களுக்கும் மலை மலையாகக் கோடு.

கங்கப்பா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாளைக்கு எத்தனை வேளை கொடுக்கணும் ரீ?"

"ஒரே வேளை சார். விடிய விடிய ஏறிக்கிட்டே இருந்திருக்கு."

'ஒரே வேளை' என்று மருந்தை வாங்கப்போகும் பம்பாய்க் கம்பெனிக்கு உடனே டெலக்ஸ் பறந்தது. லேப் மூடப்படாது. ரத்தினவேல் நாற்காலியில் சாய்ந்தான். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு இருளாயியிடமாவது சொல்லலாம் என்று எழுந்தான்.

கூண்டறைக்கு அவன் போனதே இல்லை. அங்கே அடிக்கும் ஃபினாயில் வாசனை ஆஸ்பத்திரி வராந்தாவினுடையது. இன்று போனான். ஒவ்வொரு கூண்டிலும் கம்பி வலையை மூடிக் கோணிச் சாக்கு விரித்திருந்தது.

"என்னக்கா இது?"

"பெரிய சார்தான் அன்னைக்கு சாக்கு, சாக்குன்னு அந்தக் கத்துக் கத்துனாரே! குளுருக்கு விரிக்கச் சொல்றாருன்னு அப்பவே விரிச்சுட்டேன்."

ரத்தினவேல் குனிந்து பார்த்தான். சாக்கு சுத்தமாக இருந்தது.

"புழுக்கை எங்க?"

"அதை ஏன் கேக்குறீக? இப்பக் கீழ விழுகாம சாக்குலயே தங்குதா, போடப் போட அதுகளே சுடச்சுடத் தின்னுருதுக." இருளாயியின் முகம் மலர்ந்தது. "நீங்க ஒரு வேளைக்குத்தான் குடுத்தீக. பாவம், அதே மருந்தை விடியறதுக்குள்ள ஏழெட்டு வேளை சாப்புட்டிருக்குக சார்!"