புல்லிக் குட்டியும் நான் ஏறாத நாற்காலியும்

பாசத்துக்கும் பரிகாசத்துக்கும் உரிய மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, நம் வக்கீல் எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் தொப்பையும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். ஃபோனில் சொல்லலாம்தான். நான் பாதி சொல்வதற்குள் நீ சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாய். கடிதம் என்றால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது. நாய்க்குட்டி வாங்கப் போன வீட்டில் நான் நாற்காலி மேல் ஏறி நின்றதாக உன் அக்கா உன்னிடம் சொல்லியிருக்கிறாளாம். நடந்ததை நானே சொல்கிறேன், கேள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சரி என்று சொன்னது ஆட்டுக்குட்டியை நினைத்து. நம் வக்கீல் இருக்கிறாளே, உன் மருமகள், மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தும் வீட்டில் வாதாடுவதை இன்னும் விடவில்லை. பட்டறையில் நான் ஒரு சோபாவைக் கவிழ்த்துப் போட்டு வாய் நிறைய ஆணியோடு துணியை இழுத்து அடித்துக்கொண்டிருந்தபோது வந்து, "அப்பா, ஒரு புல்லிக் குட்டி வளக்கலாமா?" என்றாள். புல்லி என்றால் எனக்கு என்ன தெரியும்? புல் தின்கிற ஜாதி என்று நினைத்தேன். பட்டறைக்குப் பின்னால் இடுப்பளவு புல் மண்டிக் கிடக்கிறது, வெட்ட ஆளில்லை. மறுகேள்வி கேட்க வாயில் இடமும் இல்லை. தலையை ஆட்டிவிட்டேன். ராத்திரி சாப்பிடும்போது படத்தைக் காட்டினாள், புல்லி என்பது ஒரு நாய் ஜாதியாம். தலை பூசணிக்காய், மார்பு பீரோ, கழுத்து என்று ஒன்றே கிடையாது. உன் மாமனார் சட்டையில்லாமல் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

"இது புல்லு திங்குமாம்மா?" என்று கேட்டேன். உன் அக்காவுக்குப் புரையேறிவிட்டது.

அப்போதே மறுத்திருப்பேன். நாய் என்றால் எனக்குக் கொஞ்சம் மரியாதை அதிகம், உனக்குத் தெரியாததா? ஆனால் அவள் கோபப்படாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சைக்கிளுக்கும் சரின்னீங்க. கடல் பாக்கப் போறதுக்கும் சரின்னீங்க. உங்க சரியெல்லாம் தையல் போடாத துணிப்பா, இழுத்தா பிரிஞ்சிரும்." ஊரெல்லாம் என் தையலைப் பாராட்டுகிறது மச்சான், பெற்ற பெண் இப்படிச் சொல்கிறாள். சோறு இறங்கவில்லை. இந்த ஒரு சரியாவது பிரியக் கூடாது என்று எழுந்தேன்.

விளம்பரத்தைப் பார்த்து ஒருத்தனைத் தேடிப் போனோம். கடைகளுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்துக்கு வரச் சொன்னான். டிக்கியைத் திறந்தான். அட்டைப் பெட்டிக்குள் ஒரே ஒரு குட்டி, கண்ணில் பீளை, உடம்பெல்லாம் நடுக்கம். வக்கீல் நிமிர்ந்து, "இதோட அம்மாவப் பாக்கணும்" என்றாள்.

"அம்மா வெளியூர் போயிருக்கு."

"வேலை விஷயமாவா?" என்றேன் நான்.

அவன் சிரிக்கவில்லை. கிட்டே வந்தான். "இப்ப எடுத்தா எடுங்க. இல்லன்னா அடுத்த ஆள் வந்துட்டிருக்கு. சும்மா பாத்துட்டுப் போறதுக்கா இவ்ளோ தூரம் வரவெச்சீங்க?" பின்னால் இன்னொருவன் வந்து நின்றான். வக்கீலின் கை பெட்டிக்குள் இருந்தது. குட்டி அவள் விரலைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவளே கையை எடுத்துக்கொண்டாள். "வேணாம்ப்பா. இத வாங்குனா அந்த அம்மாகிட்ட இருந்து இன்னொரு பெட்டி குட்டி எடுப்பாங்க." பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள். இறங்கியதும் கார் நம்பரைச் சொல்லி விலங்குகளைக் காப்பாற்றுகிறவர்களிடம் புகார் கொடுத்தாள். மறுநாள் கால்நடை டாக்டரிடம் கேட்டு இன்னொரு இடம் கண்டுபிடித்தாள்.

அது ஆம்புலன்ஸ் ஓட்டுகிற, புல்லி நாய் வளர்க்கிற ஓர் அம்மாவின் வீடு; உன் அக்காவும் கூட வந்தாள். உன் அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது உன் அப்பாகூட என்னை இவ்வளவு விசாரிக்கவில்லை மச்சான். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வீட்டுச் சொந்தக்காரர் சம்மதித்தாரா, சங்கிலியில் கட்டிப் போடுவீர்களா, வளர்க்க முடியாவிட்டால் தெருவில் விடாமல் எனக்கே திருப்பிக் கொடுப்பீர்களா? பட்டறைக்குக் காவலாக இருக்கும் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். "காவலுக்குன்னா நல்ல பூட்டா வாங்குங்க" என்றாள். தாய் நாயின் இடுப்பு, இதயம் எல்லாம் சோதித்த காகிதங்களைக் காட்டினாள். என் இதயத்தை யாரும் சோதிக்கவில்லை. கடைசியில், "வீட்டுல யாருக்காவது நாய்னா பயமா?" என்றாள். வக்கீல் என்னைப் பார்த்தாள்.

"சேச்சே" என்றேன்.

"நல்லது" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

தாய் வந்தது. ஓடியெல்லாம் வரவில்லை, வசூலுக்கு வருகிறவனைப் போல நிதானமாக வந்தது. வக்கீலை மோந்தது, உன் அக்காவை மோந்தது, நேரே என்னிடம் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. இந்த இடத்தில்தான் அந்த நாற்காலி. மெத்தையின் ஓர் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. தொழில் பழக்கம், கிட்டத்தில் பார்க்க ஒரு காலை மேலே வைத்தேன். இன்னொரு காலும் கூட வந்தது. அதற்குப் பெயர் ஏறுவதா? உடனே இறங்கி உட்கார்ந்தும்விட்டேன். நாய் தன் தலையைத் தூக்கி என் முழங்கால் மேல் வைத்தது. மூச்சு சுடச்சுட அடிக்கிறது, எச்சில் கால்சட்டையில் இறங்குகிறது.

"பயமில்லன்னீங்க?"

"இல்லங்க."

"அப்புறம் கால் ஏன் ஆடுது?"

"தையல் மிஷின் மிதிச்ச பழக்கங்க."

உன் அக்கா முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். ஆனால் வக்கீல் எழுந்துவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது. "பொய் சொல்லிட்டோம்க்கா. அப்பாவுக்குச் சின்ன வயசுலேர்ந்தே நாய்னா உயிர் போயிரும். எனக்காகத்தான் உக்காந்திருக்காரு. குட்டி வேணாம்க்கா, நாங்க கெளம்புறோம். வாங்கப்பா."

நான் எழுந்திருக்கவில்லை. "நீ உக்காரு" என்றேன். கையை நீட்டி அந்தப் பூசணிக்காயின் மேல் வைத்தேன். வெல்வெட் துணி மச்சான், சத்தியமாக, முதல் தரம். கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது, கையை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் அம்மா என் கையையும் காலையும் பார்த்தாள். பிறகு, "பயத்த நான் பழக்கி விட்டுருவேன், பொய்யத்தான் பழக்க முடியாது. குட்டி இன்னும் கொஞ்ச நாள் தாய்கிட்ட இருக்கணும். அதுவரைக்கும் வாராவாரம் வந்து இவளுக்கு உங்க கையாலயே சோறு வைங்க" என்றாள். வைத்தேன். குட்டியை ஆம்புலன்ஸ் அம்மாவேதான் தேர்ந்தெடுத்தாள். எனக்கு ஒரு மூலையில் அசையாமல் தூங்கிய குட்டிதான் பிடித்திருந்தது. "அது நடிக்குது" என்று சொல்லி, முந்தவும் செய்யாமல் ஒளியவும் செய்யாமல் நடுவில் நின்ற ஒன்றைத் தூக்கி வக்கீல் மடியில் வைத்தாள். வரும்போது உன் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சரிக்கு இரட்டைத் தையல்ப்பா" என்றாள். எனக்கு அது போதும்.

ஆகவே உன் அத்தானுக்கு இனி நாய் பயம் அறவே கிடையாது. சிரித்த வாயெல்லாம் இனி மூடட்டும் என்று உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிடு. எனக்குத் தங்கை முறையான உன் வீட்டு மகாராணியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு முத்தம். எல்லோரும் நல்ல உடம்போடும் நல்ல பல்லோடும் இருங்கள்.

இப்படிக்கு,
தைரியமுள்ள அத்தான்

பி.கு.: எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள். பட்டறையில் துணி வெட்டுகிற மேஜை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். குட்டி கீழே இருக்கிறது. உன் அக்கா கடைக்குப் போயிருக்கிறாள், வந்ததும் இறங்கிவிடுவேன். என் செருப்பில் ஒன்று கீழே விழுந்தது. அது இப்போது இல்லை.