இருபத்தொரு கம்பியும் கஞ்சி போட்ட நூலும்

"எண் பலகையில் ஷார்ட் சர்க்யூட் ஆக வாய்ப்பே இல்லை. அதற்கு நானே முழுப் பொறுப்பு."

எங்கள் தேவாலயச் சபைச் செயலருக்கு நான் கைப்பட எழுதிய கடிதத்தின் மூன்றாவது வரி இது. அக்டோபர் மாதம், எண்பதுகளின் தொடக்கம். (தேதி போடாமல் ஒரு வரிகூட எழுதாதவன் நான். ஆனால் வருடம் இருந்த மூலையைக் கரப்பான் தின்றுவிட்டது.) அவருக்குக் கொடுத்த கடிதம் என்னிடம் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். பத்தே நாளில் நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்போது நான் மதுரை செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் குமாஸ்தா. சாயங்காலங்களில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். அதாவது கையில் கிடைத்த பத்திரிகையை எல்லாம் படித்தேன். எங்கள் கோயிலில் பாட வேண்டிய பாட்டின் எண்ணை மரப்பலகையில் அட்டை செருகிக் காட்டுவார்கள். அதற்குப் பதில் விளக்கில் எரியும் எண் பலகை செய்து தருகிறேன் என்றேன். காரணம் பக்தி மட்டுமல்ல. மிஷன் ஆஸ்பத்திரி மேனேஜர் எங்கள் சபைக்காரர். நோயாளிகளை வரிசைப்படி கூப்பிட இப்படி ஒன்று தேடிக்கொண்டிருந்தார். "கோயில்ல ஒழுங்கா ஓடட்டும், பார்ப்போம்" என்றார். அந்த வேலை கிடைத்தால் தறிச் சத்தத்திலிருந்து விடுதலை, சொந்தத் தொழில்.

பலகை என்பது கால் வைத்த மரப்பெட்டி. மூன்று இலக்கம்; இலக்கத்துக்கு ஏழு கோடு; கோட்டுக்கு ஒரு கம்பி. ஆக, பெட்டியின் பின்புறம் நெருக்கியடித்துக்கொண்டு இருபத்தொரு இணைப்பு. பக்கத்துக் கம்பியைத் தொட்டால் எரியக்கூடாத கோடும் எரியும். எல்லாம் தொட்டுக்கொண்டால் எந்த எண்ணும் எட்டாகிவிடும். இன்சுலேஷன் டேப் சுற்றலாம் என்றால், மதுரை வெயிலில் பசை இளகி, தானே உரிந்துவிடும். ஸ்லீவ் என்கிற பிளாஸ்டிக் குழாய்தான் சரி. ஆனால் அதைக் கம்பியை முறுக்குவதற்கு முன்பே மாட்ட வேண்டும். எனக்கு அது நினைவு வந்தபோது இருபத்தொன்றையும் முறுக்கிப் பற்றவைத்தாயிற்று.

"அவுத்துட்டுப் போடு மாப்ள" என்றான் ரேடியோ மெக்கானிக் ஜெயபால், என் சேக்காளி.

"எதுக்கு? அந்தக் காலத்துல கரண்டு வயரு அம்புட்டும் நூல் சுத்துனதுதான். படிச்சிருக்கேன். எங்க தறியில நூலுக்கா பஞ்சம்?"

"தறி நூல்ல கஞ்சி போட்டிருக்குடா. எலி விடாது."

"எலி கோயிலுக்கு எதுக்கு வருது?"

"நீ எதுக்கு வார? அது மாதிரித்தான்."

மூன்று சாயங்காலம் உட்கார்ந்து நூலைச் சுற்றினேன். கடிதமும் எழுதினேன்.

முதல் ஞாயிறு பிசகில்லை. மேனேஜர் முன்வரிசையிலிருந்து தலையை ஆட்டினார். இரண்டாவது ஞாயிறு செயலர் 147-க்கு சுவிட்சுகளைப் போட்டார். 888 எரிந்தது.

எங்கள் பாட்டுப் புத்தகத்தில் அத்தனை பாட்டு கிடையாது. பழைய அட்டையாக இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். இது கரண்டில் எரிகிற எண், தப்பாக இருக்குமா? சபையே பயபக்தியோடு பக்கம் புரட்டியது. "புதுப் புஸ்தகம் வந்திருக்கு போலக்கா, நம்மகிட்டதான் சொல்லல" என்று பெண்கள் பக்கம் ஒரு குரல். கடைசிப் பக்கம்வரை போனவர்கள் அங்கே இருந்த பாட்டைத் தொடங்கினார்கள். ஆர்மோனியக்காரர் கையில் பட்டியல் இருந்ததால் அவர் சரியான பாட்டுக்குப் போனார். இரண்டு பாட்டும் ஒரு சரணம்வரை சண்டை போட்டன.

நான் பெட்டிக்குப் பின்னால் பாய்ந்தேன். நூலைக் காணோம். எலிப் புழுக்கை மட்டும் இருந்தது. வெறும் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன. கையில் கருவி எதுவும் இல்லை, விரல்கள் உண்டு. (பன்னிரண்டு வோல்ட்தான், உயிருக்கு ஆபத்தில்லை. மானத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.) விரல்களைக் கம்பிகளுக்கு இடையே நுழைத்துப் பிரித்தேன். எட்டாத இடங்களில் காணிக்கை உறையைக் கிழித்துச் செருகினேன். 147 எரிந்தது. விரலை எடுத்தால் மறுபடி எட்டு. ஆகவே, ஆராதனை முடியும்வரை அங்கேயே இருந்தேன். சபை எழுந்தபோது என்னால் எழ முடியவில்லை. முழங்காலிட்டபோது மட்டும் பொருந்திப் போனேன்.

ஆசீர்வாதம் முடிந்ததும் மேனேஜர் பெட்டியைச் சுற்றிவந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஆஸ்பத்திரிக்கு போர்டு வாங்குனா ஆளும் சேர்ந்து வருமா?"

"இல்லைங்கய்யா. ஆளில்லாமத்தான் ஓடும். அடுத்த ஞாயிறு காட்டுறேன்."

"எலி?"

"அதுக்கும் சேத்துத்தான்யா."

அன்றே இருபத்தொன்றையும் அவிழ்த்தேன். முதலில் ஸ்லீவ், பிறகுதான் முறுக்கு. இணைப்புகளை ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாகத் தள்ளி வைத்தேன். ஸ்லீவ் போனாலும் பக்கத்து இணைப்பு எட்டாது. பின்புறம் தகரம் அடித்தேன். பேட்டரியும் பல்பும் வைத்து ஒவ்வொரு கம்பியையும் மற்ற இருபதோடும் சோதித்தேன்: மொத்தம் இருநூற்றுப் பத்து சோதனை. ஜெயபால் நூற்றுச் சொச்சத்தில் தூங்கிவிட்டான், நான் விடவில்லை. ஒவ்வொன்றும் நோட்டில் தேதியோடு இருக்கிறது.

கிறிஸ்துமஸ்வரை பலகை ஒரு தப்பும் செய்யவில்லை. ஜனவரியில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. தறிக்கூடத்துக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் பலகை ஏறிய அன்று அதன் பின்னால் ஒரு ஸ்டூல் கிடந்தது. "மேனேஜர் உங்களுக்காகத்தான் போடச் சொன்னாரு" என்பாள் என் மனைவி; அப்போது அங்கே நர்ஸாக இருந்தவள். இன்றும் வீட்டில் மிக்ஸி நின்றால் பிள்ளைகள் எனக்கு முதலில் கொண்டுவந்து கொடுப்பது ஸ்டூலைத்தான். ஸ்டூல் கிடந்தது உண்மை; நானே பார்த்தேன். அது எனக்காகப் போடப்பட்டதா, சுண்ணாம்பு அடித்தவர் எடுக்க மறந்ததா என்பது மட்டும் இதுவரை சரிபார்க்கப்படவில்லை.